அலங்காரம் என்று குறிக்கப்பட்ட படங்கள்

கடைத்தெருவில் அவருக்கு ‘முத்திரை’ என்று பெயர். எடையளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் அவர் தெருமுனையில் தென்பட்டால் போதும், “முத்திரை வர்றார், தட்டைத் தொடைச்சு வை” என்று கடைக்குக் கடை செய்தி போய்விடும். தராசும் கல்லும் சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லையென்றால், கடைக்காரர் சொந்தச் சம்பந்தியாக இருந்தாலும் பறிமுதல் செய்துகொண்டு போவார். இடைப்பட்ட நிலை ஒன்று உண்டு என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஓய்வுக்குப் பின் அவர் மேற்கொண்ட வேலை, தமக்கென ஒரு வலைத்தளம் அமைப்பது. ஆயத்தமாகக் கிடைக்கும் வார்ப்புருக்களை அவர் நாடவில்லை. வலைப்பக்கத்தை உருவாக்க, கோண அடைப்புக்குள் எழுதும் கணினிக் குறிகளைப் புத்தகம் வைத்துக் கற்றார். திறந்த குறியை மூடினார். உள்ளே திறந்ததை உள்ளேயே மூடினார். ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி முடித்ததும், அது விதிப்படி அமைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் இணையச் சரிபார்ப்பானிடம் கொடுப்பார். அது சிவப்பில் பிழைகளை அடுக்கும், அவர் திருத்துவார். பிழை எதுவும் இல்லை என்ற பச்சை வரி வந்ததும், எழுந்து சமையலறை வாசலில் போய் நிற்பார்.

“தப்பே இல்லைன்னு சொல்லிடுச்சு.”

“சொல்லும், சொல்லும்,” என்பார் மனைவி. “அது உங்களோட குடும்பம் நடத்தலையே.”

அவருக்கு ஒரே தங்கை. நாற்பது வயதுக்கு மேல் பார்வை சிறிது சிறிதாக மங்கி, பின்னர் முற்றிலும் போய்விட்டது. தங்கையின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்றுநர். இரு குடும்பமும் சேர்ந்து ஓர் ஏரிக்குச் சென்ற நாளில் முத்திரை நிறையப் படங்கள் எடுத்தார். அதன் பின் சில மாதங்களில் மாப்பிள்ளை வயிற்று நோயால் காலமானார். துக்கம் சற்றே அடங்கிய பின், அந்தப் படங்களை வைத்து ஒரு பக்கம் அமைத்துத் தங்கைக்கு அனுப்பினார்.

“உனக்காகப் போட்ட பக்கம்மா. ஒரு பிழைகூடக் கிடையாது,” என்று தொலைபேசியில் சொன்னார்.

“கேட்டேன் அண்ணா. நல்லா இருக்கு,” என்றார் தங்கை. குரல் வறண்டிருந்தது. துயரத்தால் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஓராண்டு கழித்துத் தங்கை சில நாள் தங்கிப் போக வந்தார். ஒரு காலை, சிற்றுண்டி முடிந்த மேஜையில், “அண்ணா எழுதினதைக் கேக்கறீங்களா அண்ணி?” என்று தம் கைப்பேசியை எடுத்து வைத்தார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் கைப்பேசி அது. இயந்திரக் குரல் தலைப்பை வாசித்தது, தேதியை வாசித்தது, ஏரியைப் பற்றிய மூன்று வரிகளை வாசித்தது. பக்கம் முடிந்தது என்றது.

“படமெல்லாம் எங்கே?” என்றார் மனைவி.

“எந்தப் படம் அண்ணி?”

முத்திரையின் கையிலிருந்த குவளை பாதி வழியில் நின்றது.

“இதுல படம் இருக்குன்னே எனக்குத் தெரியாதே,” என்றார் தங்கை. “மூணு வரிதான் போட்டிருக்கேன்னு நெனச்சேன். நீதான் அளந்து பேசற ஆளாச்சே. அவருக்கு உன் அளவு அவ்வளவுதான் போலன்னு விட்டுட்டேன்.”

நடந்தது என்னவென்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. படத்துக்கான குறியில், அந்தப் படத்தில் இருப்பதைச் சொற்களால் எழுத ஓர் இடம் உண்டு. காண இயலாதவர்க்கு இயந்திரக் குரல் வாசிப்பது அந்தச் சொற்களைத்தான். அந்த இடத்தையே விட்டுவிட்டால் பிழை. ஏரிப் பக்கத்தை முதலில் சோதித்தபோது, படத்துக்கு ஒன்றாகச் சிவப்பு நிறைந்தது. ஆனால் இரண்டு மேற்கோள் குறிகளை இட்டு, நடுவில் ஒன்றும் எழுதாமல் விட்டால் விதி ஏற்கும். இது வெறும் அலங்காரம், தாண்டிப் போகலாம் என்பது அதன் பொருள். அந்தப் பொருளையும் அவர் படித்தே இருந்தார். பச்சை வரி வேண்டியிருந்த அவசரத்தில், எல்லாப் படங்களுக்கும் அதையே இட்டுக்கொண்டு போனார்.

பிழைகளை அப்படியே விட்டிருந்தாலும், படம், படம் என்றாவது குரல் சொல்லியிருக்கும். என்ன படம் என்று தங்கை கேட்டிருப்பார். திருத்தியதால் அதுவும் போயிற்று. அடியில் துளையிட்டு எடை குறைத்த கல்லில் முத்திரையை மட்டும் பளபளவென்று வைத்திருந்த கடைக்காரர்கள் எத்தனையோ பேரை அவர் பிடித்திருக்கிறார். அவர்களில் ஒருவராவது கூடப்பிறந்தவளுக்கு அந்தக் கல்லால் நிறுத்துக் கொடுத்திருப்பாரா என்று எண்ணிப் பார்த்தார்.

“இன்னைக்கே எழுதிடறேன்மா,” என்றார்.

“எழுது. நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். வாயால சொல்லிக்கிட்டே எழுது.”

கணினிக்கு அருகே இன்னொரு நாற்காலி போடப்பட்டது. முதல் படத்தைத் திறந்தார். “மாப்பிள்ளை பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். பின்னால் ஏரி.”

“எப்படி உக்காந்திருக்கார்?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “வலது கால் தரையை அழுத்திக்கிட்டு இருக்கு.”

தங்கை வாய்விட்டுச் சிரித்தார். “பிரேக்! கத்துக்கொடுக்கற கார்ல மிதிச்சு மிதிச்சு வந்த பழக்கம். எங்கேயாவது படகு வேகமாப் போயிருக்கும்.”

“என் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்துக்கிட்டே மிதிச்சவராச்சே!” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

இரண்டு, மூன்று படங்கள் அவ்வாறே சென்றன. நடுவில் நிறுத்தி, எழுதியவரை சோதித்தும் பார்த்தார். வெற்றிடத்துக்குக் கிடைத்த அதே பச்சை வரிதான் இதற்கும் கிடைத்தது. அதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்தது, ஏரிக்கரை நடைபாதையில் மாப்பிள்ளையும் தங்கையும் எதிரே நடந்து வரும் படம். “இருவரும் நடந்து வருகிறார்கள்,” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் இடக் கை வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. உதடுகள் இறுகியிருந்தன. அவர் முந்தைய படங்களுக்குத் திரும்பிப் போனார். பெஞ்சிலும் அதே கை அதே இடத்தில் இருந்தது. நோய் இன்னதென்று தெரிந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. “கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்க மாப்பிள்ளை, வெளிச்சம் பத்தலை” என்று அன்று திரும்பத் திரும்ப நிற்க வைத்தவர் அவரே.

“ஏன் அண்ணா நிறுத்திட்டே?”

கையைக் குறிப்பிடாமல் விட்டால் சரிபார்ப்பானுக்குத் தெரியாது, தங்கைக்கும் தெரியாது. இன்னொரு முறை தாண்டிப் போ என்று சொன்னதாகும்.

“அவர் வயித்தை அழுத்திப் பிடிச்சிருக்கார்மா. முன்னாடி சொன்ன படத்திலயும்தான். நான்தான் எடுத்தேன், ஆனா நான் பார்க்கலை.”

சமையலறையில் குழாய் மூடப்பட்டது.

“அன்னைக்கு ரொம்ப மெதுவா நடந்தார்,” என்றார் தங்கை. “ஊர்வலமா போறோம்? வேகமா வாங்கன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன்.”

“நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“சொல்லாம விட்டதெல்லாம் போதும் அண்ணா. நான் திட்டினதையும் சேர்த்து எழுது.”

“படத்துல இருக்கறதைத்தான் எழுதணும்மா.”

“அப்ப படத்துல நான் என்ன பண்றேன்?”

அவர் திரையை நெருங்கிக் குனிந்தார். “அவரோட இன்னொரு கையைப் பிடிச்சிருக்கே.”

“அது வழி தெரியறதுக்குப் பிடிக்கிறது.”

“வழிக்கு ஒரு கை போதுமே. நீ ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கே.”

“பிடிச்சிருக்கேனா, வேகமா வாங்கன்னு இழுத்துக்கிட்டு இருக்கேனா?”

எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் அவரால் முடிவு செய்ய இயலவில்லை. ஆறுதலான சொல் நாக்கின் நுனி வரை வந்தது. “தெரியலைம்மா,” என்றார்.

“தெரியலையா?”

“இல்லைம்மா. இந்தப் படத்துல தெரியலை.”

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப பிடிச்சிருக்கேன்னு மட்டும் எழுது.”

மனைவி கணவரின் வலக் கையை இரு கைகளாலும் பிடித்திருக்கிறார் என்று, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே அவர் எழுதினார்.