ரஞ்சிதம் அக்கா சொன்ன மாட்டுக்காரன்

சிங்கப்பூருக்கு அக்கரையில், தம்போயில் என் வீட்டுக்குப் பக்கத்தில் காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடை ஒன்று இருக்கிறது. துணி காயும்வரை படிக்கட்டும் என்று யாரோ பழைய புத்தகங்களை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஓர் ஆங்கில நாவல் கையில் சிக்கியது. அட்டையில் தொப்பி போட்ட ஒருவன், சட்டைப் பொத்தானைப் பாதி கழற்றிவிட்டு, வெள்ளைக் குதிரையோடு நிற்கிறான். முப்பது வருடத்துக்கு முன் பார்த்த அதே அட்டை. அவனுக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

இரண்டே நாளில் படித்து முடித்தேன். படு மட்டம். அந்தத் தொப்பிக்காரனின் பண்ணைக்கு மாட்டு வைத்தியம் பார்க்க ஒரு டாக்டரம்மா வருகிறாள். வந்ததும் இருவரும் முறைத்துக்கொள்கிறார்கள். நடுவில் மழை பெய்கிறது. மழை பெய்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? மாட்டுப் பண்ணை என்று பேர். ஒரு மாடாவது சாணி போட வேண்டுமே! கடைசியில் அவன் மோதிரத்தை நீட்டுகிறான், அவள் வேலையை உதறிவிட்டு அவன் மார்பில் சாய்ந்து அழுகிறாள். புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். நான் கேட்ட கதை இது இல்லை.

ஆமாம், கேட்ட கதைதான். அப்போது எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. காலையில் பேக்டரி பஸ்ஸில் ரஞ்சிதம் அக்கா இந்தப் புத்தகத்தை விரித்துவைத்துத் தமிழில் சொல்வாள். என்னைவிட எட்டு வயது பெரியவள். தாதிப் பயிற்சிக்குப் போனவள், புருஷன் வீட்டார் சொன்னார்கள் என்று பாதியில் விட்டவள். பிறகு வீட்டில் கஷ்டம் வந்ததும் அதே ஆட்கள்தான் பேக்டரிக்கு அனுப்பினார்கள். டீசல் வாடையும் மல்லிகை வாடையும் கலந்த அந்த பஸ்ஸில் தினம் ஓர் அத்தியாயம். பேக்டரி கேட் வந்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிடுவாள்.

"மிச்சம் நாளைக்கு."

"அலமாக், அக்கா!" என்று பஸ்ஸே ஏமாற்றத்தில் கத்தும்.

அக்காவின் கதையில் மாடு சாணி போட்டது. மழையில் கன்று பசுவின் வயிற்றில் குறுக்கே சிக்கிக்கொள்ள, டாக்டரம்மா தோள்வரை கையை விட்டு அதை இழுத்தாள். மாட்டுக்காரன் விளக்கைப் பிடித்தபடி நடுங்கினான். கடைசியில் அவன் கல்யாணத்துக்குக் கேட்டபோது அவள் சொன்னாள்: "வர்றேன், ஆனா வேலைய விட மாட்டேன்." அவன் தொப்பியைக் கழற்றி, "யாரு விடச் சொன்னா? நானே தெனமும் கொண்டுபோய் விடறேன்" என்றான். நாங்கள் கைதட்டினோம்.

விதியைப் பாருங்கள், எனக்கு வந்த வரனும் மாட்டுக்காரன்தான். லாயாங் லாயாங் என்ற ஊரில் இருபது மாடு, பால் வியாபாரம். பஸ்ஸில் கிண்டல் தாங்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டோடு நின்றுகொண்டு, மனப்பாடம் செய்ததுபோல ஒப்பித்தேன்: "நான் வேலைய விட மாட்டேன்."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டாள். கதை முடிந்தது.

மறுநாள் பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "உங்க கதையக் கேட்டுத்தான் என் வாழ்க்கையே நாசமாப் போச்சு. இனிமே வாயத் தொறக்காதீங்க!"

அவள் முகம் சுண்டிப்போனது. "புக்குல அப்படித்தான் இருந்துச்சு லா," என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கதை கேட்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

சில மாதங்களில் அக்கா குடும்பத்தோடு மெர்சிங் போய்விட்டாள். எனக்கு வேறு வரன் எதுவும் அமையவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்துதான் ஆங்கிலம் கற்றேன், வீடு வாங்கினேன். வேலையை விடாததால்தான் இன்று யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறேன். அதையாவது ஒரு நாள் பஸ் ஏறிப்போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. போன வருடம் அக்கா இறந்த செய்திதான் வந்தது.

புத்தகத்தைத் திரும்ப எடுத்து, கடைசி அத்தியாயத்தை வரி வரியாகத் தேடினேன். வேலையை விட மாட்டேன் என்ற அந்தப் பேச்சு எங்கும் இல்லை. தன் புருஷன் வீட்டில் சொல்ல முடியாததை அக்காதான் அந்த டாக்டரம்மா வாயில் போட்டிருக்கிறாள்.

பேக்டரியை இடித்துவிட்டார்கள். அந்த பஸ்ஸும் இல்லை. இந்த மட்டமான புத்தகம் மட்டும் ஒரு பக்கம்கூடக் கிழியாமல் கிடக்கிறது. அக்கா இன்னும் எத்தனை கதை வைத்திருந்தாளோ, தெரியாது. வாயைத் திறக்காதே என்று சொன்னவள் நான்தான்.