மெட்ராஸ் ஐ பெஞ்சில் ஏழுமலை

கரையான்சாவடியில் நான் நர்ஸாக இருக்கும் கண் மருத்துவமனையில், மெட்ராஸ் ஐ சீசன் வந்தால் என் ராஜ்ஜியம்தான். கண் சிவந்து வருபவர்களை வாசலிலேயே மடக்கி வெளியே ஷெட்டில் உள்ள பெஞ்சுக்கு அனுப்பிவிடுவேன். ஒட்டிக்கொள்ளும் பயத்தில் கிட்டே போகமாட்டேன். எட்ட நின்று ஒரே கேள்வி: "சமீபத்துல கண்ல ஆபரேஷன் ஏதாவது?"

மாங்காடு கோயில் பக்கம் தேங்காய்க் கடை வைத்திருக்கும் ஏழுமலை, "அதெல்லாம் இல்ல சிஸ்டர்" என்றார். வலது கண் ரத்தச் சிவப்பு. பெஞ்சில் உட்காரவைத்தேன்.

டோக்கன் நீட்டியபோது அதைத் தடவித்தான் வாங்கினார்.

"இன்னா சிஸ்டர், ஒரே மூட்டமா கீது. லைட்டப் போடக்கூடாதா?"

காலை பதினோரு மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது. மெட்ராஸ் ஐ வந்தால் கண் உறுத்தும், ஒட்டும். பார்வை இப்படி மங்காது. கையுறை மாட்டிக்கொண்டு மேல் இமையைத் தூக்கினேன். அடியில் ஒரு சின்னக் கொப்புளம், பால் கலரில்.

"இது ஆபரேஷன் இல்லாம வேற என்னங்க?"

"அதுவா? கண்ல பிரஷருன்னு பண்ணது. ஆறு வருசம் ஆச்சே. நீ சமீபத்துலன்னுதான கேட்ட?"

கண்ணழுத்த நோய்க்கு, உள்ளே தேங்கும் நீர் வடிய டாக்டர்கள் போட்டுவைக்கும் வழி அது. பிளெப் என்போம். அதன் தோல் மெல்லிசு. எத்தனை வருடம் கழித்தும் கிருமி உள்ளே புகலாம்.

"இன்னொரு கண்ணு?"

"அது எப்பவோ போச்சு சிஸ்டர். இத வச்சிதான் பொயப்பு."

ஓட்டமாக உள்ளே கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "சீழ் பிளெப்போட நிக்குது, இன்னும் கண்ணுக்குள்ள போகல. நாளைக்கு வந்திருந்தா கண்ணே போயிருக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பெஞ்சுல எவ்ளோ நேரம் உக்கார வச்சீங்க?" என்றார்.

அட்மிட் செய்து, மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டோம். நான்காம் நாள், "சிஸ்டர், மூக்குத்தி புச்சா?" என்றார். பழசுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றோடு 'சமீபத்துல' என்ற வார்த்தையை விட்டேன். "பொறந்ததுலேர்ந்து கண்ல எப்பவாவது ஆபரேஷன்?" என்றுதான் கேட்கிறேன். இல்லை என்றாலும் இமையைத் தூக்கிப் பார்க்காமல் விடுவதில்லை.

போன சீசனில் ஏழுமலை, கண் சிவந்த ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"நம்ம கஸ்டமரு. ஆபரேஷனே இல்லன்றாரு. நம்பாத சிஸ்டர், தூக்கிப் பாரு."