ஒருத்தருக்கும் சொல்லாமல் ஸ்பெயினில் வீடு பார்க்கப் போன ஒன்பது நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் வீட்டுக்காரர் குணத்தின் இரண்டு முழங்கால்கள். இருபத்தாறு வருடமாக மொன்றியலில் பேக்கரி வான் ஓட்டுகிறவர். ஒவ்வொரு பனிக்காலமும் வாசலில் பனி அள்ளிவிட்டு உள்ளே வந்து, "அடுத்த வருசம் நான் இஞ்ச இருக்கமாட்டன்" என்பார். நானும் இருபத்தாறு வருடமாக "போயிட்டு வாங்கோ" என்றுதான் சொல்லி வருகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் என் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது. ஸ்பெயினில் தொரெவியெஹா என்ற ஊர், கடலுக்குப் பத்து நிமிட நடை, இரண்டு அறை வீடு, 112,000 யூரோ. மொன்றியலில் அந்தக் காசுக்கு நல்ல கராஜ் கூடக் கிடைக்காது. நான் புவாண்ட்-கிளேரில் ஒரு பொருட்கிடங்கில் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற ஆள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் பக்கத்தில் இருந்த பாமதி அக்காவுக்கு அதைக் காட்டினேன். பதினொரு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். "ஆருக்குப் பைத்தியம், முகம் தெரியாதவனிட்ட வீடு வாங்க!" என்று இருவரும் சிரித்தோம். அன்று வீட்டில் குணம் அதே காணொளியை ஒன்பது தரம் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் சனத்தின் பழக்கம் தெரியும்தானே? வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை வாயைத் திறக்கமாட்டோம். நாவூறு, கண்ணூறு பட்டுவிடுமாம். ஆகவே பாரிசில் இருக்கும் குணத்தின் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம் என்று எல்லோருக்கும் சொன்னோம். மகனுக்குக்கூட அதுதான். நாங்கள் புறப்படுகிற அதே கிழமை பாமதி அக்காவும் லீவு எடுத்தார். டொரொண்டோவில் மகளுக்குச் சுகமில்லையாம். பாவம் என்று நான் ஒரு பை தட்டைவடை சுட்டு, மகளுக்குக் கொடுங்கோ என்று அனுப்பினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டை வாங்க எங்களிடம் கைக்காசு இல்லை. பதினெட்டு வருடம் கட்டிக் கடன் முடித்த எங்கள் மொன்றியல் வீட்டை, அந்த டூப்ளெக்ஸைத் திரும்ப வங்கியில் அடகு வைக்க வேண்டும். குணத்துக்கு அது சம்மதம். எனக்கு இல்லை.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். விமான நிலையத்துக்கு 747ஆம் இலக்க பஸ், ஆளுக்குப் பதினொரு டொலரும் சில்லறையும். விமானச் சீட்டு ஆளுக்கு 870 டொலர், ஒரு தரிப்போடு மட்ரிட். அங்கிருந்து அலிகான்டேக்கு வேக ரயில் இரண்டரை மணித்தியாலம், முன்கூட்டியே எடுத்தால் 34 யூரோ. பிறகு ஐம்பது கிலோமீட்டர் பஸ், ஒரு மணித்தியாலம், ஐந்து யூரோவுக்குள் முடிந்துவிடும். ஞாயிறு மாலை நாலரைக்குத் தொரெவியெஹாவில் இறங்கினோம். குணம் பஸ்ஸை விட்டு இறங்கி மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டார். பதினெட்டுப் பாகை. எங்கள் கலியாண வீட்டில் கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

விற்பனைக்கு இருந்த வீடு நாலாம் மாடி. அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை நாளுக்கு 45 யூரோவுக்கு எடுத்திருந்தோம். கெட்டித்தனம் என்று நினைக்காதீர்கள், அதுதான் மலிவு. லிப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு பெட்டியையும் நான் தூக்க, குணம் முழங்காலைத் தூக்கினார்.

இரவு ஏழு மணிக்குப் பிறகுதான் ஸ்பெயின் தன் சுயரூபத்தைக் காட்டியது. வெளியே பத்துப் பாகை, வீட்டுக்குள் பதின்மூன்று. நிலமெல்லாம் ஓடு, சுவரில் ஹீட்டர் கிடையாது. மொன்றியலில் வெளியே மைனஸ் இருபது இருந்தாலும் உள்ளே பெனியனோடு திரிகிற மனுசன், இங்கே கட்டிலில் மேலங்கியும் தொப்பியும் போட்டுப் படுத்தார். "என்னப்பா, ஸ்பெயின் வெயில் சுடுதோ?" என்றேன். பல் மட்டும் தாளம் போட்டது.

ஊர் எனக்குப் பிடித்தது. ஊருக்குப் பின்னால் உப்பு ஏரி ஒன்று, உண்மையிலேயே ரோஸ் நிறம், யாரோ சர்பத் ஊற்றிவிட்ட மாதிரி. இன்னொரு புதினம், அவர்களுடைய பாஷை. மேசையை மேசா என்கிறார்கள், சமைக்கிற குசினியைக் கொசினா, அலுமாரியை அர்மாரியோ, காலில் போடுகிற சப்பாத்தைச் சபாத்தோ. போர்த்துக்கேயன் எங்களுக்குத் தந்த சொற்களுக்கு இங்கே ஒன்றுவிட்ட சகோதரங்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் முதல் நாளே நாலு ஸ்பானியச் சொல் கதைத்தேன். குணம் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு முழித்தார்.

செவ்வாய்க்கிழமை வீட்டை விற்கிற முகவர் ஹாவி வந்தான். முப்பது வயதுப் பெடியன், ஆங்கிலம் பேசுவான், வாசனைத் திரவியத்தில் குளித்திருந்தான். வீடு நல்ல வெளிச்சம், பல்கனியில் நின்றால் இரண்டு கட்டடத்துக்கு இடையில் ஒரு துண்டுக் கடல். குணம் அந்தத் துண்டைப் பார்த்தபடியே, "நூற்றுப் பன்னிரண்டாயிரம், சரி" என்றுவிட்டார். வீட்டுக்குள் வந்து ஏழு நிமிடம்தான்.

அன்று மாலையே ஹாவி அழைத்தான். "இன்னொரு கனடாக் குடும்பம் நூற்றுப் பதினாலு சொல்கிறது." குணம் நூற்றுப் பதினைந்து என்றார். புதன் காலை, அவர்கள் நூற்றுப் பதினேழாம். குணம் நூற்றுப் பதினெட்டு. எங்கள் டூப்ளெக்ஸின் செங்கல் ஒவ்வொன்றாகக் கழன்று போவது என் காதில் கேட்டது. "ஆரப்பா அந்தக் கனடாக்காரர், வேலைவெட்டி இல்லாதவை" என்று திட்டினேன். "ஆரோ வெள்ளைக்காரர். அவங்களுக்குக் காசு பெரிசில்லை" என்றார் குணம்.

வியாழன் பிற்பகல் நாலு மணிக்கு ஹாவி எங்கள் வீட்டுக்கே வந்து, முதலில் கையெழுத்து வைக்கிறவருக்குத்தான் வீடு என்றான். நாளை பதினொரு மணிக்கு அவன் வேலை செய்கிற கந்தோரில் ஒப்பந்தம். அன்றே விலையில் பத்து வீதம் கட்ட வேண்டும். பிறகு நாங்கள் மனம் மாறினால் அந்தக் காசு போச்சு, விற்கிறவர் மாறினால் இரண்டு மடங்கு தருவார். அங்கே அதுதான் நடைமுறை.

குணம் கைப்பேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தார். வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். "பன்னிரண்டே காலுக்கு வைப்பம்" என்றார், காரணம் சொல்லாமல்.

ஹாவி பேனாவை மேசையில் வைத்தான். "ஒன்று கேட்கலாமா? இது கனடாவில் சட்டமா? அந்தக் குடும்பமும் வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் கையெழுத்து வைக்கமாட்டோம் என்றுதான் சொன்னார்கள்."

குணம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குள் மணி அடித்தது. "அவை வாசலில சப்பாத்தைக் கழட்டினவையோ எண்டு கேளுங்கோ" என்றேன் குணத்திடம்.

"ஆமாம், கழற்றினார்கள்" என்றான் ஹாவி. "அந்த அம்மா சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு அவரும் உங்களைப் போலவே என்னைத் தம்பி, தம்பி என்று கூப்பிடுகிறார். கனடாவில் எல்லா முகவர்களுக்கும் அதுதான் பெயரா?"

அவனை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து சொன்னேன். "அது பாமதி அக்கா. அந்தக் காணொளியை நான் அவவுக்கு மட்டும்தான் காட்டினனான்."

குணம் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இஞ்சேரும், அவைக்குத் தெரிய முதல் இப்பவே போய்க் கையெழுத்து வைச்சா என்ன? ராகு காலம் நாளைக்குத்தானே" என்றார்.

"வையுங்கோ. வச்சிட்டு, திங்கட்கிழமை நான் ஆருக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடுறது? உங்கட பல்கனிக்குப் பக்கத்திலயோ?"

நான் அக்காவுக்கு அழைத்தேன்.

"அக்கா, எங்க நிக்கிறியள்?"

"டொரொண்டோவிலதான். சரியான ஸ்னோ. வெளியில தலை காட்டேலாது."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கத்தி தீட்டுகிறவர் வந்தார். ஸ்பெயினில் அவர்கள் மோட்டார் சைக்கிளில் ஒரு குழலை ஊதிக்கொண்டு வருவார்கள், கீழிருந்து மேலே ஏறி இறங்கும் ஒரு ராகம். அது என் ஜன்னலாலும் வந்தது, கைப்பேசியாலும் வந்தது.

"அக்கா, டொரொண்டோவில கத்தி தீட்டுறவர் குழல் ஊதுறாரோ?"

மறுபக்கம் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீ பாரிசெண்டெல்லோ சொன்னனி?"

"ஓம் அக்கா. பாரிஸ் இப்ப கொஞ்சம் தெற்கால நகர்ந்திட்டுது."

பத்து நிமிடத்தில் பாமதி அக்காவும் அவர் வீட்டுக்காரர் சிவம் அண்ணையும் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார்கள். அக்காவின் கையில் நான் கொடுத்த தட்டைவடைப் பை. "பிள்ளைக்குச் சுகமாயிட்டுதோ?" என்றேன். "மூடடி வாயை, தேத்தண்ணி போடு" என்றார். நாலு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்தக் குளிர்க் குசினியில் இருந்தோம். எங்கள் விலையை நாங்களே ஆறாயிரம் யூரோ ஏற்றியிருந்தோம். சிவம் அண்ணைக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப்போனது.

பிறகுதான் தெரிந்தது, ஆளுக்குப் பாதி உண்மை வைத்திருந்தோம் என்று. வீட்டுக்குள் இருக்கும் குளிர் அவர்களுக்குத் தெரியாது, ஹீட்டர் உள்ள பக்கத்து ஹொட்டலில் தங்கினார்கள். அவர்கள் ஒரு சட்டத்தரணி வைத்திருந்தார்கள். கெபெக்கில் போலப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசே எல்லாம் பார்ப்பார் என்ற நினைப்பில் நாங்கள் ஒருவரையும் வைக்கவில்லை. ஸ்பெயினில் நொத்தாரிசு உங்கள் ஆள் இல்லை, அவர் பத்திரத்துக்கு மட்டும்தான் ஆள். அந்தச் சட்டத்தரணி கட்டட உரிமையாளர்களின் கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். புது லிப்டுக்கு வீடொன்றுக்கு ஆறாயிரம் யூரோ கட்டவேண்டும். ஹாவி எங்களிடம் தினமும் "லிப்ட் நாளைக்குச் சரியாகும்" என்றுதான் சொன்னான்.

"இன்னொண்டு தெரியுமோ குணம்?" என்றார் சிவம் அண்ணை. "வீடு வாங்கினாலும் விசா தரமாட்டாங்கள். நூற்றியெண்பது நாளில தொண்ணூறு நாள்தான் நிக்கலாம். முந்தி பெருங்காசு போட்டு வாங்கினவைக்குக் குடுத்தவங்கள். அதையும் நிப்பாட்டிப்போட்டாங்கள். நிரந்தரமா இருக்கிறதெண்டால், வேலை செய்யாமல் வாழக் காசிருக்கெண்டு காட்டி வேற விசா எடுக்கவேணும்."

குணம் போர்வைக்குள் இன்னும் சின்னவராகிப் போனார். அவர் நிரந்தரமாக வரத்தான் கனவு கண்டிருந்தார்.

வெள்ளி பன்னிரண்டே காலுக்கு நாலு பேரும் ஒன்றாகக் கந்தோருக்குள் போனோம். ஹாவியின் முகத்தைப் படம் எடுத்திருக்கவேண்டும். "தம்பி, கனடாக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்" என்றேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

"நீங்கள் எடுங்கோ அண்ணை" என்றார் குணம்.

"சீச்சீ, நீ எடு. உனக்கு முழங்கால்."

"முழங்காலுக்கு நாலு மாடியே? நீங்கள் எடுங்கோ."

சாப்பாட்டுக் கடையில் பில்லுக்கு அடிபடுகிற மாதிரி கால்மணி நேரம் போனது. நேற்றுவரை இரண்டு பேர் முண்டியடித்த வீட்டை இன்று ஒருவரும் வேண்டாம் என்கிறார்கள். ஹாவி பயந்து உரிமையாளருக்குப் போன் எடுத்தான். விலை நூற்றுப் பன்னிரண்டுக்கு இறங்கி, லிப்டைச் சொன்னதும் நூற்றெட்டுக்கு வந்து நின்றது.

அப்போது குணம் என்னைப் பார்த்தார். டூப்ளெக்ஸைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரே சொன்னார். "அண்ணை, பகிடி இல்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூண்டு வருசம் கிடக்கு. வீட்டைத் திரும்ப அடகு வச்சால் அது ஆறாகும். நீங்கள் வேலையை விட்டிட்டியள், புரோசார்டில வாடகை வீடு, கையில காசிருக்கு. நீங்கள் வையுங்கோ கையெழுத்தை." சிவம் அண்ணை பேனாவை எடுக்கும்போது குணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அன்று அவரை நக்கலடிக்கவில்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அது அபூர்வம்.

மாலையில் ரோஸ் ஏரிக்கரையில் இரண்டு பேரும் நடந்தோம். முழங்காலைத் தடவிக்கொண்டு, "நான் இஞ்ச வந்து இருக்க ஆசைப்படேல்லை போல" என்றார். "பனி அள்ளாமல் இருக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறன். அது மூண்டு மாசம்தானே."

"அதைக் கண்டுபிடிக்க ஆயிரத்தெழுநூறு டொலர் விமானக் காசோ?"

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்" என்றார். முகத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். வீட்டை வெயில் காலத்தில் பார்க்காதீர்கள், பெப்ரவரியில் அதே கட்டடத்தில் ஒரு கிழமை படுத்து எழும்புங்கள். விலைக்கு மேலே வரி, நொத்தாரிசு, பதிவு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வீதம் வரும். சொந்தமாக ஒரு சட்டத்தரணி வையுங்கள், முகவர் காட்டுகிற ஆளை வேண்டாம். வெளிநாட்டவருக்கு ஒரு அடையாள எண் தேவை, அதை மொன்றியலில் இருக்கும் ஸ்பெயின் துணைத்தூதரகத்திலேயே கேட்கலாம். கட்டடக் கூட்டக் குறிப்பைக் கேளுங்கள். வாடகைக்கு விடாவிட்டாலும் வருடா வருடம் வரி உண்டு. எல்லாவற்றுக்கும் முதல் உங்கள் ஆட்களிடம் வாய் திறந்து கேளுங்கள். நாவூறு படுமோ தெரியாது, வாயை மூடி வைத்திருந்தால் விலை ஏறும் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

குணத்துக்கு ஸ்பெயினில் சொந்த வீடு இல்லை. ஆனால் வரும் ஜனவரி பதினோராம் திகதியிலிருந்து ஏப்ரல் எட்டு வரை அந்த நாலாம் மாடியில் ஓர் அறை உண்டு. அவர் வேலையில் சம்பளமில்லா லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், நானும்தான். வாடகை வேண்டாம் என்று அக்காவும், தருவோம் என்று நாங்களும் இன்னும் அடிபடுகிறோம். கணக்குப் பார்த்தால் எண்பத்தெட்டு நாள் வருகிறது. சட்டம் தருகிற மிச்சம் இரண்டு நாளை வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன். ஒரே குசினியில் நானும் பாமதி அக்காவும் சண்டை பிடித்தால், கோபம் ஆற எங்களுக்கு இரண்டு நாள் போதும்.