நான் தாண்டிய இருபத்துநாலு வசனம்

எங்கள் வீட்டில் சாப்பாட்டைத் தாண்டலாம், அதிகாரத்தைத் தாண்டக் கூடாது. பசுமலையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சட்டம் அது. தினமும் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். வேதத்தை முதல் பக்கத்திலிருந்து நாளுக்கு ஓர் அதிகாரமாக முறை வைத்து வாசிப்போம். முடிந்தால் மறுபடி முதல் பக்கம். ஜெபம் நடக்கும்போது ஜனாதிபதியே வந்தாலும் கதவு திறக்காது. தெரிந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று, ‘ஆமென்’ கேட்டபிறகுதான் கொண்டியைத் தட்டுவார்கள்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். ஒரு பெயரை விழுங்கினால் போதும், கண் திறக்காமலே, “என்னமோ விட்டுட்டியே பாப்பா” என்பார். வசனத்தின் தலையிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும். அம்புட்டும் அவருக்கு மனப்பாடம்.

பெயர்கள் எல்லாம் எனக்குத்தான் ஒதுக்கப்படும். காரணம் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடு இருந்து தல்லாகுளத்தில் ஓர் ஆபீசுக்குப் போய்வந்தவள். வேதத்தில் நாளாகமம் என்ற புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரமும் வெறும் பெயர்கள்தான். இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான் என்று போய்க்கொண்டே இருக்கும். சனிக்கிழமை மத்தியானங்களில் அத்தை வாசலில் பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பெயராகச் சொல்லச் சொல்லி என்னை நொண்டியடிக்க வைப்பாள். ஆதாம், சேத், ஏனோஸ். வெயில் மலைப்பாறையில் பட்டு மஞ்சளாகத் திரும்பி வரும். நொண்டி நொண்டிக் கண் செருகும். அந்தப் பெயர்க்காரர்கள் எல்லாம் மலைக்குப் பின்னால் எங்கேயோ வரிசையாக நடந்து போகிறார்கள் என்றும், அத்தை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டை விட்டு அத்தையும் ஒரு நாள் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

கூட வேலை பார்த்தவரை அத்தை கல்யாணம் செய்துகொண்டாள். திருவாதவூர்க்காரர், எங்கள் சபை இல்லை, கோயிலுக்குப் போகிற வீடு. ரிஜிஸ்டர் ஆபீசில் முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயர் வரவில்லை. அப்பாவின் வேதத்தில் முன்பக்கத்தில் எங்கள் குடும்பத்தின் பிறப்பும் கல்யாணமும் வரிசையாக எழுதியிருக்கும். அத்தை பிறந்த நாள் அதில் இருந்தது. அவள் கல்யாணத்துக்கு விட்டிருந்த வரி அப்படியே வெற்றாகக் கிடந்தது. நான் திருட்டுத்தனமாக அதைத் தடவிப் பார்ப்பேன். அப்பாவிடம் கேட்கப் பயம்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் எஸ்றா புத்தகத்தின் கடைசி அதிகாரத்துக்கு வந்திருந்தோம். சிறைப்பட்டுப் போன ஜனங்கள் ஊர் திரும்பி, இடிந்த ஆலயத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். கட்டிய பிறகு ஒரு தீர்மானம் போடுகிறார்கள். வேறு ஜாதியில் பெண் எடுத்தவன் எல்லாம் அவளைப் பிள்ளையோடு அனுப்பிவிட வேண்டும். அதைக் கேட்க ஜனமெல்லாம் தெருவில் உட்கார்ந்திருக்கிறது, மழையில் நடுங்கிக்கொண்டு.

எங்கள் வாசலிலும் மழைதான். அப்பா அந்த இடத்தை வாசிக்கையில் வெளியே ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஜன்னல் பக்கம் இருந்த நான் எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே அத்தை. முந்தானையை இழுத்து மூடிய பொட்டலமாக ஒரு பிள்ளை. தெருவிளக்கின் கீழே மழை வெள்ளை நூலாக இறங்கியது. அவளைத் தாண்டி ரோட்டோரமாக ஓர் ஆள் ஸ்கூட்டரைப் பிடித்தபடி நின்றார். அத்தை கொண்டியைத் தொடவில்லை. சட்டம் அவளுக்குத் தெரியும். எல்லாம் கனவில் வருகிற மாதிரி சத்தமில்லாமல் இருந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு மடியைப் பார்த்தாள்.

அப்பா தன் பங்கை முடித்து, கண்ணை மூடிக்கொண்டு, “படி பாப்பா” என்றார்.

என் பங்கு வெறும் பெயர். பெண்டாட்டியை அனுப்பிவைத்த ஆட்களின் பட்டியல். இரண்டு வசனம் வாசித்தேன். அதற்குள் வெளியே பிள்ளை அழுதது. சின்னக் குரல், பூனைக்குட்டி மாதிரி. விரலால் கீழே தடவினேன். இன்னும் இருபத்துநாலு வசனம். அதற்குள் பிள்ளை ஊறிவிடும். கர்த்தரே மன்னியும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, பாண்டியில் ஒரே தாவாகக் கடைசிக் கட்டத்துக்குப் போவதுபோல் கடைசி வசனத்துக்குத் தாவினேன். இவர்கள் எல்லாரும் வேற்றுப் பெண்களைக் கட்டியவர்கள், அந்தப் பெண்களில் சிலருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று வருகிற வசனம். அதைச் சத்தமாக வாசித்துப் புத்தகத்தை மூடினேன்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. ‘என்னமோ விட்டுட்டியே’ வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மழைச் சத்தமும் பிள்ளையின் அழுகையும் மட்டும் கேட்டன. வழக்கமாக அப்பாவின் ஜெபம் உலகத் தலைவர்களில் ஆரம்பித்துப் பக்கத்து வீட்டு மாட்டில் முடியும். அன்றைக்கு, “ஆண்டவரே, இந்த வீட்டை ஆசீர்வதியும், ஆமென்” என்று எழுந்துவிட்டார். குடை எடுக்காமல் தானே போய்க் கேட்டைத் திறந்தார்.

“பச்சப்புள்ளய இப்படியா மழையில வச்சுக்கிட்டு நிப்ப?”

“ஜெபம் நடந்துச்சுல்லண்ணே” என்றாள் அத்தை.

அப்பா கேட்டை இன்னும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பிறகு ரோட்டைப் பார்த்து, “அவரையும் உள்ள வரச் சொல்லு” என்றார். அம்மா துண்டோடு ஓடினாள். “குடுங்க மைனி, நானே தொடச்சுக்கிறேன்” என்று அத்தை சொல்லச் சொல்ல, அம்மா பிள்ளையை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே அழுதாள். எனக்கோ அப்பாவையே ஏமாற்றிவிட்ட பெருமை தாங்கவில்லை.

பெருமை மறுநாள் மாலை வரைதான் இருந்தது. ஒரு பெயர் விட்டாலே திரும்ப வாசிக்கச் சொல்கிறவர், விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த புத்தகத்தைத் திறந்தார். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஜெபம் முடிந்ததும் அடுப்படிக்குப் போய் அம்மாவின் காதில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, “அப்பாவுக்கு மறதி வந்துருச்சும்மா” என்றேன்.

அம்மா தோசைக்கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “வரட்டும் பாப்பா, நல்லதுதான்” என்றாள்.

கட்டின புருஷனுக்கு மறதி வந்ததில் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. அதன்பிறகு பல நாள், அப்பாவின் ஞாபகசக்தி திரும்பி வர வேண்டும் என்று நான் தனியாக முழங்கால் போட்டு ஜெபித்தேன்.