வெளியாள் கிண்ணம்

ப்ரோஹர் என்ற பெயரை உஸ்தீன்யா முதன்முதலில் கேட்டது, அவனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று, வாசலுக்கு வெளியே நின்றபடி. பெரியப்பா மகள் அக்சீனியாவின் கடைசிப் பிள்ளை அவன். தண்ணீரில் முக்கியதும் அவன் போட்ட சத்தத்தில் உள்ளே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "பிள்ளையா இது? கன்னுக்குட்டில்ல கத்துது!"

உள்ளே போக உஸ்தீன்யாவுக்கு உரிமை இல்லை. பழைய முறைப்படி இரண்டு விரலால் சிலுவை போடுகிற குடும்பம் அது. இவள் வேறு கோயில்காரனைக் கட்டிக்கொண்டவள். வேறு கோயில்காரர் வாய் பட்ட பாத்திரம் அவர்களுக்குத் தீட்டு; அக்சீனியா வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வெளியாட்களுக்கென்று ஒரு கிண்ணம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு உஸ்தீன்யாவுக்குத் தேநீர் அதில்தான். அவளுக்கு அது பழகிவிட்டது.

ப்ரோஹருக்குப் பழகவில்லை. மேடையேறி வேஷம் கட்டுவது அந்தக் குடும்பத்தில் பாவம். பெர்ம் நகரத்து ஓபரா அரங்கில் பாடகனாகச் சேர்ந்துவிட்டு ஊருக்குப் போனபோது, அம்மா ஒன்றும் பேசாமல் கீழ்த்தட்டுக் கிண்ணத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டான்.

"திட்டியிருக்கலாம் சித்தி," என்றான், அதே அரங்கில் உடுப்புத் தைக்கும் உஸ்தீன்யாவிடம். அதன்பின் அவன் ஊர்ப் பக்கம் போகவில்லை.

அவனுடையது உச்சத்துக்கும் அடித்தொண்டைக்கும் நடுவில் நிற்கும் கனத்த குரல். "உனக்கு ஒரு மாப்பிள்ளை உடுப்புத் தைக்கக் கொடுத்துவைக்கலியேடா!" என்பாள் உஸ்தீன்யா.

"பொண்ணை உச்சக் குரல்காரன் கூட்டிட்டுப் போயிடுவான் சித்தி. நமக்குக் கத்தியால குத்துற வில்லன் வேஷம்தான். முதுகுப் பக்கம் கொஞ்சம் தளர்த்துங்க, மூச்சு அங்கதான் போய் உக்காருது. கத்தறதுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். மெதுவாப் பாடத்தான் வேணும்."

மூன்றாம் குளிர்காலத்தில் அவனுக்குப் பிசாசு வேஷம் கிடைத்தது. சேதி ஊருக்கு எட்டியது. முதல் நாள் ஆட்டத்தன்று, மூட்டையும் கையுமாகத் தையலறையில் வந்து நின்றாள் அக்சீனியா.

"எங்க அவன்? கையோட கூட்டிட்டுப் போறேன்."

"திரை தூக்கியாச்சு அக்கா. முடியட்டும், உக்காரு."

துணிப்பெட்டிமேல் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். மேடைச் சத்தம் சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. இடி மாதிரி அவன் பாடிய இடங்களில் அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கடைசியில் பிசாசு, தன்னை உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சும் இடம். ப்ரோஹர் குரலைத் தணித்தான். இன்னும் தணித்தான். கேட்பதற்காக அக்சீனியா கையை எடுக்க வேண்டியதாயிற்று.

"இது அவனா?"

"அவன்தான்."

"பிசாசு இப்படியா பாடும்? பூட்டின வீட்டு முன்னால நிக்கிறவன் மாதிரில்ல இருக்கு."

"மூணு வருஷமா நிக்கிறான்ல!"

எடுத்த கையை அக்சீனியா மறுபடி காதுக்குக் கொண்டுபோகவில்லை.

ஆட்டம் முடிந்து, கறுத்த இறக்கையோடு வந்தவன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். அம்மா மூட்டையை அவிழ்த்தாள். பயணத்தில் அவள் மட்டும் குடிக்கும் மரக்கிண்ணம் துண்டில் சுற்றியிருந்தது. குடுவையிலிருந்து தேநீரை ஊற்றி, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அவனிடம் நீட்டினாள்.

"உதட்டுச் சாயம் ஒட்டிக்கும்மா."

"கழுவத் தெரியாதாக்கும் எனக்கு! குடி, ஆறிடும்."

குடித்தான். கிண்ண விளிம்பில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

"எனக்கு?" என்றாள் உஸ்தீன்யா.

"உனக்குத்தான் இங்க சொந்தக் கோப்பை இருக்கே!"

அரங்கத்துக்குள் அக்சீனியா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வரும்போதெல்லாம் அதே துணிப்பெட்டிதான். ப்ரோஹர் இப்போதும் பெர்மில்தான் இருக்கிறான். அப்பா வேஷங்கள் பாடுகிறான்.