ஏழு நிமிஷ வழி

ஆரணியை ஒட்டிய அந்தக் காலனியில் பி.எஸ்சி. முடித்த முதல் பெண் கலைமகள். முடித்து என்ன, நான்கு வருஷம் ஜவுளிக்கடையில் புடவை மடித்தாள். அப்புறம்தான் பஸ் நிறுத்தங்களை ஆராய வந்த சென்னைக் கம்பெனி ஒன்று கையில் டேப்லெட்டைக் கொடுத்தது. யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எந்த வழியாக நடந்து பஸ் ஏறுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிய வேண்டும்.

ஆபீஸில் இன்ஜினியர் ஹேமநாத் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார். தெரு, ஏரி, ரோடு எல்லாம் அச்சு அசலாக இருக்கும் வரைபடத்தில் ஆளுக்கு ஒரு புள்ளி. காலை ஐந்து மணி என்று ஓடவிட்டால் புள்ளிகள் தாமாகவே வீட்டைவிட்டுக் கிளம்பி, நடந்து, பஸ் ஏறிப் போய்விடும். கலைமகள் வாய் பிளந்து பார்த்தாள். காலனி வாசல் நிறுத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டியபோது, காலனிப் புள்ளிகள் அத்தனையும் ஊர்த்தெரு வழியாக நேரே நடந்து, ஏழே நிமிஷத்தில் பெரிய நிறுத்தத்தைப் பிடித்தன. அப்படியானால் காலனி வாசலில் இருக்கும் நிறுத்தம் தண்டம் என்று முடிவு வந்தது.

அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். காலனிக்காரர்கள் யாரும் ஊர்த்தெருவில் நடப்பதில்லை. இன்றைக்கு நடந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை, பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குக் கூசி ஏரிக்கரையைச் சுற்றிப் போனால் அரைமணி நேரம். அம்மா சின்னபொண்ணு தினமும் ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கப் போகிறவள், முட்டி தேய்ந்தவள். வாசல் நிறுத்தம்தான் அவளுடைய பிழைப்பு.

ஆனால் வாசலில் பஸ் தவறினால் பெரிய நிறுத்தத்துக்கு எந்த வழியாகப் போவீர்கள் என்று கேட்டதற்குக் காலனியே ‘தெரு வழியாத்தான் போறோம்’ என்று சொல்லியிருந்தது. அம்மாவும்தான். பொய் என்று தெரிந்தேதான் கலைமகள் பதிந்தாள். பதியும்போது பெருமையாகக்கூட இருந்தது.

“ஏம்மா அப்படிச் சொன்ன?” என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

“பின்ன, நாங்க இன்னும் சுத்திகினுதான் போறோம்னு சென்னைக்காரன் எழுதி வெச்சிக்கணுமா? எனுக்கு மானம் இல்லியா?” என்றாள் அம்மா. முட்டியைத் தேய்த்துக்கொண்டே, “நிறுத்தம் போவப்போவுதுன்னா நீயே உண்மையச் சொல்லிடு” என்றாள்.

சொல்லிவிடுவது என்றுதான் மறுநாள் ஆபீஸுக்குப் போனாள். ஹேமநாத் நல்ல மனுஷன், தானாகவே கூப்பிட்டார். பக்கத்து மேஜையில் பார்த்திபன் இருந்தான். கூட வேலை செய்கிறவன், ஊர்த்தெருக்காரன். மதியம் அவளோடு குழம்பைப் பங்கு போட்டுச் சாப்பிடுவான். அவன் வீட்டு வாசலை இதுவரை அவள் பார்த்ததில்லை.

“இன்னிக்கு ரிப்போர்ட் அனுப்பறேங்க. உங்க ஆளுங்க அந்தத் தெருவுல நடக்கறதுக்கு ஏதாவது தடை இருக்கா? இருந்தா சொல்லுங்க, மாத்திடலாம்.”

பார்த்திபன் தலை நிமிர்ந்து பார்த்தான். வெறுமனே பார்த்தான். கலைமகள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்” என்றாள்.

அடுத்த மாதமே காலனி வாசலில் பஸ் நிற்பது நின்றுபோனது. முதல் நாள் அம்மாவைக் கைப்பிடித்து ஏரிக்கரையில் கூட்டிப் போனாள் கலைமகள். பாதி வழியில் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “சொன்னியாடி அவருகிட்ட?” என்று கேட்டாள்.

“சொன்னேம்மா. அவருதான் கேக்கல.”

மிச்ச வழி முழுக்க அம்மா ஹேமநாத்தை வைதுகொண்டே நடந்தாள். கலைமகளும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே நடந்தாள்.