இடது பக்கம் பாடாத பெட்டி

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். முதல் சம்பளத்தில் ஸ்டீரியோ வாங்கினேன். சிடி பிளேயரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் கேபிளை, அட்டையில் இருந்த ஆங்கிலத்தைப் படித்து நானே தேர்ந்தெடுத்தேன்.

அப்பா இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் உட்கார்ந்தார். "எடது பொட்டி பாடலியேம்மா."

கடைத்தெருவுக்குப் போய், தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கி வந்து மாற்றினேன். "இப்பவும் பாடலம்மா."

"ரெண்டும் பாடுதுப்பா! படிக்காதவங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது?" என்று கத்தி, அவரை எதிர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தேன்.

"அட, இப்ப இது பாடுது! அது நின்னுபோச்சு" என்று சிரித்தார்.

அவருடைய இடது காது போயிருந்தது. பீங்கான் கம்பெனியில், களிமண் அரைக்கும் மிஷின் இரைச்சலுக்கு இடது காதைக் கொடுத்து நின்றுதான் என்னைப் படிக்கவைத்தார்.

"வேற கேபிளு மாத்தணுமாம்மா?" என்றார்.

அட்டையின் ஒவ்வொரு எழுத்தையும் படித்த நான், அவருடைய வலது காதுப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.